எலுமிச்சம்பழத்தில் குத்திய ஐந்து குச்சிகள்

எனக்குக் கோபம் வந்தால்தான் மூளை ஒழுங்காக வேலை செய்யும். இதை நல்ல குணம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த வேதியியலில் பாதிக்கு மேல் யார் மீதாவது இருந்த ஆத்திரத்தில் கற்றுக்கொண்டதுதான். மீதியைக் கற்றுக்கொண்டது என் தோழியோடு ரயிலில். அவளுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் அப்பா ஒரு காலத்தில் களை பறித்த நிலத்தில் இப்போது ஒரு இரும்புக் கம்பெனி நின்றது. அதே இடத்தில் அவர் லாரிக்குச் சரக்கு ஏற்றினார். வயல் போய்விட்டதே என்று எங்கள் தெருவில் யாரும் அழவில்லை. வயல் எங்களுடையதாக இருந்திருந்தால் அல்லவா அழுவதற்கு!

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் அங்கே பி.எஸ்ஸி. வேதியியலைத் தமிழிலேயே படிக்கலாம் என்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். பதினோரு பேர் சேர்ந்தோம். ஆங்கிலப் பிரிவுக்காரர்கள் எங்களுக்கு வைத்த பெயர் ‘தமிழ் செட்’. தெருவிலும் கேலிக்குக் குறைவில்லை. தமிழில் கெமிஸ்ட்ரி படித்தால் எங்கள் வீட்டு ஆடுகளுக்குத்தான் பாடம் சொல்ல வேண்டும் என்று எதிர் வீட்டுக்காரர் குழாயடியில் சத்தமாகச் சொன்னார். எங்களிடம் அப்போது நான்கு ஆடுகள் இருந்தன.

அந்த ஆடுகள்தான் என்னை முதலில் கவிழ்த்தன.

எங்களுக்குப் புத்தகம் கிடையாது. தமிழில் அச்சாகி வந்து சேரவில்லை. பேராசிரியை ஆங்கிலத்தில் படித்தவர். வீட்டில் உட்கார்ந்து தானே மொழிபெயர்த்துக்கொண்டு வந்து வகுப்பில் சொல்வார், நாங்கள் எழுதிக்கொள்வோம். எழுத்து இருந்ததே தவிர படம் இல்லை. ‘இரட்டை விலக்கக் கொள்கை’ என்ற பாடத்தை அப்படித்தான் எழுதிக்கொண்டோம். நடு அணுவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும். ஒவ்வொரு இரட்டையும் மற்ற இரட்டைகளை விலக்கும். எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் நிற்கும். மூலக்கூறின் வடிவம் அதனால் அமைகிறது. இவ்வளவுதான்.

படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இது எனக்குத் தெரிந்த விஷயம். பேட்டைக்கு வெளியே பொட்டலில் ஒரே முளையில் நான்கு கயிறு கட்டி எங்கள் ஆடுகளை மேய விடுவோம். ஒன்றுக்கொன்று ஆகாத ஆடுகள். கொஞ்ச நேரத்தில் நாலும் நாலு திசைக்குப் போய்க் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். தேர்வில் மீத்தேனின் வடிவம் கேட்டிருந்தார்கள். கார்பன் நடுவில், ஹைட்ரஜன் நான்கு. தட்டையான சதுரம் என்று எழுதி, இடையில் தொண்ணூறு பாகை என்று கோணமும் போட்டு, காரணமாக ஆடுகளையும் எழுதிவைத்தேன்.

பூஜ்யம் வந்தது. பேராசிரியை என் விடையை வகுப்பில் படித்துக் காட்டினார். பத்துப் பேரும் சிரித்தார்கள். நான் எழுந்து, விதியை மீறி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, மார்க் ஏன் இல்லை என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

“ஆடு பறக்குமாம்மா?” என்றார்.

அவ்வளவுதான், அடுத்த தாளை எடுத்துவிட்டார். எனக்குக் காது சுட்டது. பறக்காத ஆட்டுக்கும் மீத்தேனுக்கும் என்ன சம்பந்தம் என்று சாயங்காலம் ரயில் ஏறும்வரை மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

என்னோடு அதே வகுப்பில் படித்த தோழி ஆவடியிலிருந்து வருபவள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா அங்கே தையல் கடை வைத்திருந்தார். தினமும் ஒரே பெட்டியில் போய் வருவோம். அன்று அவள் செருப்பைக் கழற்றி, அடியில் ஏறியிருந்த நெருஞ்சி முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி இருக்கைப் பலகையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எரிச்சலில் கையைப் பலகையில் ஊன்ற, ஒன்று குத்திவிட்டது. அதைத் தட்டிவிட்டேன். உருண்டு மறுபடி ஒரு கூர்முனையை மேலே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. திரும்பத் தட்டினேன். திரும்பவும் அப்படியே. எந்தப் பக்கம் விழுந்தாலும் மூன்று கூர் கீழே ஊன்றும், ஒன்று வானத்தைப் பார்க்கும்.

அப்போதுதான் உறைத்தது. ஆட்டுக்குத் தரை மட்டும்தான் உண்டு. எலக்ட்ரானுக்கு மேலும் உண்டு, கீழும் உண்டு. நான்கு பேர் நான்கு திசைக்கு ஓட வேண்டும் என்றால் தரையில் தொண்ணூறு பாகைதான் கிடைக்கும். மேலேயும் போகலாம் என்றால் இன்னும் அதிகம், நூற்று ஒன்பதரை பாகை கிடைக்கும். நெருஞ்சி முள், நான்கு மூலையும் சம தூரத்தில் நிற்கும் கச்சிதமான நான்முகி இல்லைதான். ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது.

“பாருடி, இதான் மீத்தேன்,” என்று முள்ளை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“கண்ணுல குத்திறப் போற. கீழ வைச்சிட்டுச் சொல்லு,” என்றாள்.

அன்று தொடங்கியது எங்கள் ரயில் விளையாட்டு. ஒருத்தி ஏதாவது ஒரு மூலக்கூறு சொல்ல வேண்டும். மற்றவள் அடுத்த நிலையம் வருவதற்குள் வடிவம் சொல்ல வேண்டும். மனப்பாடம் கூடாது. எனக்கு அது வரவும் வராது. முதலில் நடு அணுவைச் சுற்றி எத்தனை இரட்டை என்று எண்ணு. பிறகு அவற்றை விலக்கி நிறுத்து. பிறகு எது பிணைப்பில் இருக்கிறது, எது தனியாக இருக்கிறது என்று பார். சக பயணிகள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பெண்கள் கையை மேலும் கீழும் நீட்டிக்கொண்டு, ‘இல்லடி, அது இடுப்புல நிக்கணும்’ என்று சண்டை போட்டால் வேறென்ன நினைப்பார்கள்? பரீட்சையில் நாங்கள் இருவரும் முதல் வகுப்பு வாங்கினோம். எதிர் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னைக் கண்டால் பேசவில்லை.

முதல் வகுப்பு வாங்கியும் வேலைதான் கிடைக்கவில்லை.

தோழி பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். எனக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பொறுமை இல்லை. ஆய்வகத்தில்தான் வேலை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மூன்று கம்பெனிகள் நேர்முகத்துக்குக் கூப்பிட்டன. மூன்றிலும் ஒரே கதை. சான்றிதழைப் பார்ப்பார்கள், தமிழ் வழி என்று இருக்கும், புருவம் ஏறும். ஆங்கிலத்தில் கேட்பார்கள். எனக்குப் புரியும், பதிலும் தெரியும், வாய்க்குள் வாக்கியம் கட்டுவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மூன்றாவது இடத்தில் ஒருவர், தமிழில் படித்தால் தமிழில்தான் யோசிப்பீர்கள், கெமிஸ்ட்ரி அதில் நிற்காது என்றே சொன்னார். அவர் தமிழில்தான் சொன்னார்.

நான்காவதாக வந்தது பேட்டைக்குள்ளேயே ஒரு பெயிண்ட் கம்பெனி. அப்பா சரக்கு ஏற்றும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. இதுவும் கைநழுவினால் தையல் பழகப் போவது என்று அம்மா முடிவே செய்துவிட்டாள். தோழியின் அத்தாவிடம் பேசியும் வைத்திருந்தாள். அப்பாவோ தன்னோடு மூட்டை தூக்குகிறவர்களிடமெல்லாம், தன் மகள் இன்று பெயிண்ட் கம்பெனிக்குப் போகிறாள் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். அதுதான் எனக்குப் பயம். தோற்றால் நான் மட்டும் தோற்பதாக இருக்காது. அவர் தினமும் அந்த முகங்களோடுதான் நின்று மூட்டை தூக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை. ஆறு பேர் வந்திருந்தோம். மற்ற ஐந்து பேரும் ஆங்கிலத்தில் படித்தவர்கள், அதில் நால்வர் ஆண்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் வெளியே வந்து, என்ன கேட்டார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நீரின் வடிவம் கேட்டாராம். வளைந்தது, நூற்று நாலரை பாகை என்று சொன்னார்களாம். குளோரின் ட்ரைஃப்ளூரைடு கேட்டாராம். மூன்று ஃப்ளூரின், அதனால் தட்டையான முக்கோணம் என்று சொன்னார்களாம். பெயிண்ட் கம்பெனிக்கும் குளோரின் ட்ரைஃப்ளூரைடுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் அலுத்துக்கொண்டார்கள். அது எனக்கும் தெரியாது. ஆனால் முக்கோணம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எங்கேயோ இடித்தது. அந்த மூலக்கூறை நான் படித்ததே இல்லை. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடிப்பதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அறைக்குள் இரண்டு பேர். ஒருவர் மேனேஜர். இன்னொருவர் சீஃப் கெமிஸ்ட். விரல் நகங்களில் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் சுவர்ப்பலகையில் சாமி படம். படத்துக்கு முன்னால் குங்குமம் வைத்த ஒரு எலுமிச்சம்பழம், பக்கத்தில் ஒரு கட்டு ஊதுபத்தி. காலையில் பூஜை முடிந்த வாசனை இன்னும் இருந்தது.

தோழி எழுதித் தந்து நான் உருப்போட்டிருந்த ஆங்கில அறிமுகம் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுபோனது. மேனேஜர் பேனாவை மூடினார். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று கம்பெனியிலும் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. நல்லவேளை, வந்தது.

“சார், எனக்கு இங்கிலீஷ் வராது. கெமிஸ்ட்ரி வரும். தமிழ்ல கேளுங்க,” என்றேன்.

மேனேஜர் சீஃப் கெமிஸ்ட்டைப் பார்த்தார். சீஃப் கெமிஸ்ட் என்னைப் பார்த்தார். பிறகு தமிழிலேயே, நீர் மூலக்கூறு ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டார். எத்தனை பாகை என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்டார். எனக்கு அங்கேயே அவரைப் பிடித்துப்போனது.

ஆக்சிஜனைச் சுற்றி நான்கு இரட்டை, அதனால் அவை நான்முகியின் நான்கு மூலைக்குப் போகும் என்றேன். இரண்டு மூலையில் ஹைட்ரஜன். மற்ற இரண்டில் தனித்த இரட்டைகள், அவை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இடம் பிடிக்கும். அதனால் மூன்று அணுவும் ஒரே கோட்டில் நிற்க முடியாது என்றேன். அப்படியானால் நூற்று ஒன்பதரை இருக்க வேண்டுமே, ஏன் நூற்று நாலரை என்று அவர் விடாமல் கேட்டார்.

அதற்கு எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு விஷயம்தான். ஈரப் புடவையை நானும் அம்மாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உலர்த்துவோம். இரண்டு பக்கமும் பிடி இருக்கும்போது புடவை விறைப்பாக, ஒடுங்கி, தன் இடத்தில் நிற்கும். ஒருத்தி விட்டுவிட்டால் அது காற்றில் பரவிப் பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தில் அடிக்கும். பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கள் இரண்டு பக்கமும் பிடித்திருக்கின்றன. தனித்த இரட்டைக்கு ஒரு பக்கம்தான் பிடி. அதனால் அது பரவும், பக்கத்திலிருப்பவர்களை நெருக்கும், ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று நெருங்கிவரும், கோணம் குறையும்.

இதை நான் பரீட்சையில் எழுதியிருந்தால் இன்னொரு பூஜ்யம் வந்திருக்கும். சீஃப் கெமிஸ்ட் மேஜைமேல் முழங்கையை ஊன்றி முன்னால் வந்தார். பிறகு குளோரின் ட்ரைஃப்ளூரைடு என்றார்.

குளோரினிடம் வெளிவட்டத்தில் ஏழு எலக்ட்ரான், ஃப்ளூரினுக்கு ஒன்று வீதம் மூன்று. பத்து. ஐந்து இரட்டை. சொல்லச் சொல்ல என் கைகள் தாமாகவே ரயில் விளையாட்டுக்குப் போய்விட்டன. இரண்டு கை போதவில்லை. என் கண் அந்த எலுமிச்சம்பழத்தில் விழுந்தது.

அதைக் கேட்டேன். மேனேஜர் முகம் சுளித்தார். சாமிக்கு வைத்தது என்றார். பூஜைதான் முடிந்துவிட்டதே சார் என்றேன். சீஃப் கெமிஸ்ட் எழுந்து போய் பழத்தையும் ஊதுபத்திக் கட்டையும் எடுத்து என் முன்னால் வைத்தார். வைக்கும்போது கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வைத்தார். பிறகு உட்காராமல் அங்கேயே நின்று பார்த்தார்.

ஐந்து ஊதுபத்திகளை எடுத்தேன். மேலே ஒன்று குத்தினேன், கீழே ஒன்று. இடுப்பைச் சுற்றி சம தூரத்தில் மூன்று. ஐந்து இரட்டை விலகி நின்றால் இப்படித்தான் நிற்க முடியும். இதில் மூன்று ஃப்ளூரின், இரண்டு தனித்தவை. தனித்தவை எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

“மேல இருக்கறதுக்குப் பக்கத்துலயே மூணு பேர் நெருக்கமா நிக்கறாங்க, சார். இடுப்புல இருக்கறதுக்கு அப்படி நெருக்கமா ரெண்டு பேர்தான், மேல ஒண்ணு கீழ ஒண்ணு. மத்த ரெண்டும் தள்ளி நிக்குது. பரவுற ஆளுக்கு எது வசதி? இடுப்புதான்.”

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து இரண்டு குச்சிகளை உருவிவிட்டேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று நின்றன. பழத்தைச் சாய்த்துப் பிடித்தேன். ஆங்கிலத்தில் எனக்கு நன்றாக வரும் சில எழுத்துகளில் ஒன்று அதில் தெரிந்தது. டி (T) என்ற எழுத்து.

வெளியே இருப்பவர்கள் ஐந்து பேரும் முக்கோணம் என்று சொல்லியிருக்கிறார்களே என்றார் சீஃப் கெமிஸ்ட். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து பேர், அதிலும் நல்ல ஆங்கிலத்தில் சொன்னவர்கள். பழத்தைப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். பத்துதான்.

“அவங்க ஃப்ளூரினை மட்டும் எண்ணியிருக்காங்க, சார். தனியா நிக்கறதை எண்ணலை,” என்றேன். பிறகு வாய் சும்மா இருக்காமல் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன். தனித்தவை இரண்டும் பரவி நெருக்குவதால் டி-யின் தலைக்கோடு நேராக இருக்காது, கொஞ்சம் வளையும், கோணம் தொண்ணூறுக்கும் சற்றுக் கீழேதான் இருக்கும்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தார். பின்பக்க அட்டவணையில் தேடினார், பக்கத்தைப் புரட்டினார், நின்றபடியே படித்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கையில் சாமி எலுமிச்சம்பழத்தோடு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா பேசி வைத்திருந்த தையல் மிஷினின் மிதிகட்டைவரை என் யோசனை போய்வந்துவிட்டது.

அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி மேஜைமேல் வைத்தார். ஆங்கில எழுத்துகளை நான் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. படத்துக்குள் கோணத்தின் இடத்தில் ஒரு எண் இருந்தது. அதை அவரே வாய்விட்டுப் படித்தார். எண்பத்தேழரை.

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தறியாத மூலக்கூறு, படித்தறியாத புத்தகம். அம்பத்தூர் ரயிலில் கையை நீட்டி நீட்டிக் கற்றுக்கொண்ட கணக்கு அந்தப் பக்கத்துக்குள் எனக்கு முன்பாகவே போய் உட்கார்ந்திருந்தது. நான் தமிழில் யோசித்தது அதற்குத் தெரியவே தெரியாது.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். பெண் கெட்டிக்காரிதான், ஆனால் ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலத்தில் அல்லவா எழுத வேண்டும் என்றார்.

“இங்கிலீஷ் ஆறு மாசத்துல வந்துடும், சார்,” என்றார் சீஃப் கெமிஸ்ட். “இது அப்படி வராது.” அவர் கை பழத்தைக் காட்டியது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். பழத்தை என்ன செய்வது என்று கேட்டேன். குச்சிகளைப் பிடுங்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போகச் சொன்னார் சீஃப் கெமிஸ்ட்.

வெளியே வந்து அந்த ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தேன். அடக்கமாக வந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். தலையை நிமிர்த்திக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்க, கேட்டைத் தாண்டி நேராக அப்பா சரக்கு ஏற்றும் இடத்துக்கு நடந்தேன். லாரி பாதி ஏறியிருந்தது. தோளில் மூட்டையோடு ஏறுபலகையில் நின்றவர், என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்காமலேயே இறங்கி வந்தார். மற்றவர்களும் கையை நிறுத்திவிட்டார்கள்.

“இன்னா ஆச்சு?” என்றார்.

“திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க, நைனா.”

மூட்டை அப்போதுதான் தோளிலிருந்து இறங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். இங்கிலீஷில் கேட்டிருப்பார்களே, என்ன செய்தாய் என்றார். அவருக்கு அது ஒன்றுதான் பயமாக இருந்திருக்கிறது. மூன்று கம்பெனியிலும் நான் சொன்ன காரணம் அதுதானே. தமிழிலேயே கேட்கச் சொன்னேன், தமிழிலேயே சொன்னேன் என்றேன்.

“கேட்டுக்கினு இருந்தாங்களா? முழுசா?”

“முழுசாத்தான் கேட்டாங்க. பெரியவர் எழுந்து நின்னு கேட்டாரு.”

அப்பா துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். அந்தப் பேட்டையில் அத்தனை வருஷமாக அவரிடம் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்; இதைத் தூக்கு, அங்கே வை, சீக்கிரம். அவர் சொல்லி யாரும் நின்று கேட்டதை நான் பார்த்ததில்லை. லாரிப் பக்கம் திரும்பி, வேலை கிடைத்துவிட்டது என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“எம் பொண்ணு பேசிச்சாம்,” என்றார் அவர்களிடம். “அவங்க நின்னு கேட்டாங்களாம்.”

பிறகு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பலகையில் ஏறினார்.